மகரந்தம் விந்து அல்ல

"மகரந்தத் துகள்தான் செடியின் விந்து. அது வந்து பூவில் விழுந்தால் விதை பிடிக்கும்." டியூஷன் நோட்ஸ் முதல் யூடியூப் அறிவியல் வரை இப்படித்தான் ஓடுகிறது. யாருக்காவது தும்மல் வந்தால் மரத்தின் விந்து மூக்கில் ஏறிவிட்டது என்று ஒரு ஜோக் வேறு. சிரித்துவிட்டுப் போகலாம்தான். ஆனால் பூக்கும் தாவரங்களில் ஆண்பால் எப்படி உருவாகி வந்தது என்ற கதையையே இந்த நம்பிக்கை மறைத்துவிடுகிறது. மகரந்தத் துகள் ஒரு முழுச் செடி. கண்ணுக்குத் தெரியாத அளவுக்குக் குறுகிப்போன ஆண் செடி.

பெரணியைப் பாருங்கள். அது உதிர்க்கும் தூள் ஈர மண்ணில் விழுந்தால், விரல் நகத்தைவிடச் சிறிய, இதய வடிவப் பச்சைத் தகடாக முளைக்கிறது. தனியே வேர்விட்டாற்போல் ஒட்டிக்கொண்டு தன் உணவைத் தானே தயாரித்துக்கொள்கிறது. விந்தணுவையும் முட்டையையும் உண்டாக்குவது இந்தத் தகடுதான். நாம் பெரணி என்று சொல்லும் பெரிய செடி அல்ல. மாறி மாறி வரும் இந்த இரண்டு தலைமுறைகளும் மாஸ் எனும் நிலப்பாசிகளில் தொடங்கி ஊசியிலை மரங்கள் வரை தொடர்வதை ஜெர்மானியரான ஹாஃப்மைஸ்டர் 1851இல் எடுத்துக்காட்டினார். விதைத் தாவரங்களில் அந்தத் தகடு சுருங்கிச் சுருங்கி மகரந்தப் பைக்குள் அடங்கிவிட்டது. பூக்கும் தாவரங்களில் மிஞ்சியது இரண்டே செல்கள், சிலவற்றில் மூன்று. பெரிய செல் ஒன்று. அதன் வயிற்றுக்குள் சிறியது ஒன்று. அந்தச் சிறியது இரண்டாகப் பிரிந்த பிறகே விந்துச் செல்கள் பிறக்கின்றன.

இன்னும் சந்தேகம் இருப்பவர்களுக்கு டெல்லிப் பல்கலைக்கழகம் 1964இலேயே பதில் சொல்லிவிட்டது. சிப்ரா குஹாவும் எஸ்.சி. மகேஸ்வரியும் ஊமத்தை இனத்தின் மகரந்தப் பைகளை ஆய்வகத்தில் ஊட்டம் கொடுத்து வளர்த்தார்கள். உள்ளே இருந்த மகரந்தத்திலிருந்து கருக்கள் கிளம்பின, செடிகளாகவும் வளர்ந்தன. முட்டையும் இல்லை, கருவுறுதலும் இல்லை. நெல்லில் புது ரகம் தேடுபவர்கள் இந்த முறையைக் கையாளுகிறார்கள். எந்த விலங்கின் விந்தணு தனியாகக் குட்டியாக வளர்ந்திருக்கிறது?

மக்காச்சோளக் கதிரை உரிக்கும்போது நடுநடுவே பல் விழுந்தாற்போல் மணி இல்லாத இடங்கள் தெரியும். கதிரின் நுனியில் தொங்கும் பட்டு நூல் ஒவ்வொன்றும் ஒரு மணிக்கு உரியது. பொக்கையான இடத்தின் நூலுக்கு மகரந்தம் வந்து சேராமல் போயிருக்கலாம். வந்து சேர்ந்த துகள் நூலின் மேல் முளைத்து, அதன் உள்ளே குழாயை இறக்குகிறது. துகளின் குறுக்களவு ஒரு மில்லிமீட்டரில் பத்தில் ஒரு பங்கு. குழாயோ ஓரடி நீளம் வரை போகும், அதுவும் ஏறக்குறைய ஒரே நாளில். ஒரு நூலில் பல துகள்கள் முளைத்தாலும் மணி பிடிக்கவைப்பது ஒன்றுதான்.

இந்தப் பந்தயம்தான் விஷயத்தின் உயிர். விலங்கின் விந்தணு பெரும்பாலும் தந்தையின் உடல் கட்டிக்கொடுத்த மூட்டையை வைத்தே ஓடுகிறது. அதன் சொந்த மரபணுக்கள் ஏறக்குறைய உறங்கிக் கிடக்கின்றன. மகரந்தத்திலோ ஆயிரக்கணக்கான சொந்த மரபணுக்கள் வேலை செய்கின்றன. ஒற்றைத் தொகுதி குரோமோசோம் என்பதால் ஒரு மரபணுவின் குறையை மூடிமறைக்க இன்னொன்று கிடையாது. பழுதுள்ளது வழியிலேயே பின்தங்கிவிடும். இயற்கைத் தேர்வு பூவின் சூலகத்தண்டுக்குள்ளேயே நடக்கிறது. மகரந்தத்தை வெறும் விந்து என்று சொன்னால் இது எப்படிக் கண்ணில் படும்?

கூடவே இன்னொரு பொய்யும் வருகிறது: ஆண் வித்து, பெண் வெறும் நிலம். ஆப்பிள் பூ தன் சொந்த மகரந்தம் வந்தால் அதன் குழாயைப் பாதி வழியில் நிறுத்திவிடும். டொரீனியா என்ற தொட்டிப் பூச்செடியில், முட்டைக்குப் பக்கத்திலுள்ள துணைச் செல்கள் ஒரு புரதத்தைக் கசியவிட்டுக் குழாயைத் தம் பக்கம் இழுப்பதை ஜப்பானில் ஹிகாஷியாமாவின் குழு 2009இல் கண்டறிந்தது. நிலம் ஆள் பார்த்துத் தேர்ந்தெடுக்குமா?

நீந்தும் விந்தணு வேண்டுமென்றால் பூவில்லாத மரங்களிடம் போக வேண்டும். 1896இல் டோக்கியோவில் ஹிராசே ஜிங்கோ மரத்திலும், அதே ஆண்டு இகெனோ சைகஸிலும் அதைக் கண்டார்கள். (நாட்டு மருந்துக் கடையில் மதனகாமப்பூ என்று ஆண்மைக்கு விற்பது சைகஸின் ஆண் கூம்பைத்தான்!) அங்கும் மகரந்தம் முளைத்த பிறகே விந்தணு வெளிவருகிறது. பூக்கும் தாவரங்கள் நீச்சலையும் கைவிட்டன. குழாய் இரண்டு விந்துச் செல்களையும் சூல் வரை கொண்டுபோய் விடுகிறது. ஒன்று முட்டையோடு சேர்ந்து கருவாகிறது. மற்றது கருவுக்கு உணவாகும் கருவூணைத் தொடங்கிவைக்கிறது. 1898இல் நவாஷின் லில்லியில் கண்டது இதைத்தான். நாம் குடிக்கும் இளநீரும் கருவூண்தான்.

ஆசிரியர்களுக்கு ஒரு வேண்டுகோள். நோட்ஸில் எழுதிப்போடுவதற்கு முன், பத்து சதவீதச் சர்க்கரைக் கரைசல் ஒரு சொட்டில் நித்தியகல்யாணியின் மகரந்தத்தைத் தூவி மைக்ராஸ்கோப்பின் கீழ் வையுங்கள். அரை மணி நேரத்தில் குழாய் நீளுவதைப் பிள்ளைகள் தாங்களே பார்த்துவிடுவார்கள்.