புது அமினோ அமிலம் கொடுத்தால் சிவப்பாக ஒளிரும் புழு: மரபுக் குறியீட்டையே மாத்திட்டாங்களா? பயப்படணுமா?

ஏற்காடு காபித் தோட்டத்தில் ஒரு கைப்பிடி மண்ணை அள்ளினால், அதில் கண்ணுக்குத் தெரியாத நூற்புழுக்கள் ஏராளமாக இருக்கும். சில வகைகள் காபி, மிளகு வேரைத் தாக்கும். பல வகைகள் பாக்டீரியாவைத் தின்று வாழும் அப்பாவிகள். அந்த அப்பாவி ரகத்தைச் சேர்ந்ததுதான் ஒரு மில்லிமீட்டர் நீளமுள்ள 'சி. எலிகன்ஸ்'. மரபுக் குறியீடு விரிவாக்கப்பட்ட முதல் விலங்கு இதுதான்.

அப்படின்னா என்ன?

புரதம் என்பது அமினோ அமிலங்களைக் கோர்த்த மாலை. மனுஷன், மாடு, புழு எல்லாத்துக்கும் பெரும்பாலும் அதே 20 வகைப் பூக்கள்தான். எதை எங்கே கோர்ப்பது என்பதை மரபணுவின் மூன்றெழுத்துச் சொற்கள் சொல்லும். மொத்தம் 64 சொற்கள். அதில் 61 பூக்களுக்கு; மீதி 3 'நிறுத்து' என்பதற்கு. மாலை கோர்க்கும் இயந்திரம் ரைபோசோம். அதன் அமைப்பைக் கண்டறிந்து 2009-ல் நோபல் பெற்ற மூவரில் ஒருவர், சிதம்பரத்தில் பிறந்த வெங்கி ராமகிருஷ்ணன்.

விஞ்ஞானிகள் என்ன செய்தாங்க?

வெங்கி பணியாற்றிய கேம்பிரிட்ஜ் எம்.ஆர்.சி. மூலக்கூறு உயிரியல் ஆய்வகத்தில்தான் இந்த ஆய்வும் நடந்தது. 2011-ல் செபாஸ்டியன் கிரைஸ், ஜேசன் சின் இருவரும் ஒரு 'நிறுத்து' சொல்லுக்குப் புது அர்த்தம் கொடுத்தார்கள்: 'இங்கே புதுப் பூவை வை'. அதற்கான மரபணுக்களை நுண்ணுயிரியிலிருந்து எடுத்துப் புழுவுக்குள் சேர்த்தார்கள். செயற்கை அமினோ அமிலத்தை உணவோடு கொடுத்தார்கள். மாலை முழுசாக முடிந்தால் புழு சிவப்பாக ஒளிர வேண்டும். ஒளிர்ந்தது! 2012-ல் பழ ஈயிலும், 2017-ல் சுண்டெலியிலும் இது சாத்தியமானது.

என்ன லாபம்?

வெளிச்சம் பட்டால் மட்டும் வேலை செய்யும் புரதத்தை இப்படி உருவாக்கலாம். நினைத்த நொடியில் அதை இயக்கி, உடலில் அதன் வேலை என்ன என்று பார்க்கலாம்.

தப்பி வெளியே வந்தால்?

அந்தச் செயற்கை அமிலம் மண்ணில் கிடைக்காது. அதனால் புதுப் புரதம் பாதியிலேயே நின்றுவிடும். ஆனா, புழு சாகாது. சேர்த்த அந்நிய மரபணு அதன் குட்டிகளுக்கும் போகலாம். கவனிக்க வேண்டியது இதைத்தான்.

இந்தியாவில் 2022-ல் விதிவிலக்கு கிடைத்தது, அந்நிய மரபணு இல்லாத, மரபணு திருத்தப்பட்ட செடிகளுக்குத்தான். இப்படிப்பட்ட விலங்குகளுக்கு 1989 விதிகள் அப்படியே பொருந்தும். வெளியே விட ஜி.இ.ஏ.சி. குழுவின் அனுமதி கட்டாயம்.

அதனால் 'உயிரையே மாத்திட்டாங்க'னு வாட்ஸ்அப்பில் வந்தால், ஒரு கேள்வி கேளுங்க: அந்த அமிலம் இல்லாமலும் அது உயிர் வாழுமா? வாழும் என்றால், லேப் கதவுக்குப் பூட்டு அவசியம்.