ஆயிரமும் ஆயிரமும் ஒன்றில்லையா?

ஞாயிற்றுக்கிழமை மாலையில் சிங்கப்பூர் சிராங்கூன் சாலைப் பக்கம் போனவர்களுக்கு அந்தக் காட்சி மறக்காது. தேக்கா சந்தையிலிருந்து முஸ்தபா கடை வரைக்கும் ஒரே தலைகள். வாரமெல்லாம் கட்டடத்திலும் கப்பல் பட்டறையிலும் உழைத்தவர்கள், ஊருக்குப் பணம் அனுப்ப வரிசையில் நிற்பார்கள்.

அந்த வரிசையில் ஒரு பகுதி இப்போது கைத்தொலைபேசிக்குள் போய்விட்டது. 2023 பிப்ரவரி 21-ஆம் தேதி சிங்கப்பூரின் பேநவ் முறையும் இந்தியாவின் யூபிஐ முறையும் இணைக்கப்பட்டன. அதே ஆண்டு நவம்பரில் நமது டூயிட்நவ் முறையோடும் பேநவ் இணைந்தது. விரலால் தொட்டால் பணம் வீடு போய்ச் சேருகிறது.

தொடுவது நம் விரல். கணக்குப் பார்ப்பது யார்? யாரோ ஒரு பிள்ளை எழுதிய நிரல். அது நம் தோட்டத்துப் பிள்ளையாகவும் இருக்கலாம். ஆகவே இந்த மாதம் எண்களைப் பற்றிக் கொஞ்சம் பேசுவோம்.

என்னிடம் ஆறாம் ஆண்டு வரை படித்த பையன் ஒருவன் சிங்கப்பூரில் வேலை பார்த்துக்கொண்டே செயலி எழுதக் கற்று வருகிறான். அவன் அப்பா பால் மரம் வெட்டியவர். தீபாவளிக்கு வந்தபோது, பழக்கத்துக்காகத் தான் எழுதிய ஒரு சின்னச் செயலியைக் கொண்டுவந்து காட்டினான். ஒரு கட்டத்தில் நாம் அனுப்பிய தொகையைப் போட வேண்டும். இன்னொரு கட்டத்தில் சீட்டில் உள்ள தொகையைப் போட வேண்டும். இரண்டும் ஒன்றானால் ‘சரி’ என்று வரும். இல்லாவிட்டால் ‘விசாரி’ என்று வரும்.

50 போட்டான், சரி. 100 போட்டான், சரி. பக்கத்தில் இருந்த அப்பா, “ஐம்பதும் நூறும் யாரப்பா அனுப்புகிறார்கள்? ஆயிரம் போட்டுப் பார்” என்றார். போட்டான். ‘விசாரி’ என்று வந்தது.

பையனுக்கு முகம் சுருங்கிவிட்டது. “சார், ஆயிரமும் ஆயிரமும் ஒன்றில்லை என்கிறதே!” என்றான்.

கணிப்பொறிக்குப் பைத்தியம் பிடிக்கவில்லை. அவன் கேட்ட கேள்விதான் தவறு.

அவன் எழுதியது ஜாவா மொழியில். அந்த மொழியில் ஓர் எண்ணை வெறுமனேயும் வைக்கலாம், ஓர் உறைக்குள் போட்டும் வைக்கலாம். உறைக்குள் இருப்பதைப் ‘பொருள்’ என்பார்கள். இரண்டு உறைகளுக்கு நடுவே இரட்டைச் சமக்குறி போட்டால், “உள்ளே இருக்கும் தொகை ஒன்றா?” என்று அது பார்ப்பதில்லை. “இரண்டும் அதே உறைதானா?” என்றுதான் பார்க்கிறது. உங்கள் கையில் ஒரு பத்து வெள்ளி நோட்டு, என் கையில் ஒரு பத்து வெள்ளி நோட்டு. மதிப்பு ஒன்று, நோட்டில் அச்சடித்த வரிசை எண் வேறு. வரிசை எண்ணைப் பார்த்துவிட்டு இரண்டும் சமமில்லை என்று ஒருவர் சொன்னால் எப்படியோ, அப்படித்தான் இதுவும்.

அப்படியானால் 100 மட்டும் எப்படிச் சரியாக வந்தது என்று கேட்பீர்கள். அங்கேதான் குழி இருக்கிறது. −128 முதல் 127 வரை உள்ள சிறிய முழு எண்களுக்கு ஜாவா முன்கூட்டியே உறை செய்து வைத்திருக்கிறது. யார் 100 கேட்டாலும் அதே உறையைத்தான் எடுத்துக் கொடுக்கும். 1000 கேட்டால் ஒவ்வொரு தடவையும் புது உறை செய்யக்கூடும். சின்னத் தொகையில் சோதித்தவனுக்கு எல்லாம் சரியாகத் தெரியும். மாதச் சம்பளம் வரும் நாளில் கவிழ்த்துவிடும். ஐபோனுக்கு எழுதும் ஆப்ஜெக்டிவ்-சி மொழியிலும் எண் உறைகளிடம் இதே வம்பு உண்டு.

இதற்கு மருந்து, உறையைப் பிரித்து மதிப்பைக் கேட்கும் கட்டளை. ஜாவாவில் அதற்கு ‘ஈக்குவல்ஸ்’ என்று பெயர். அதிலும் ஒரு கவனம் வேண்டும். ஒன்று சாதாரண முழு எண் உறை, மற்றது நீண்ட எண் உறை என்றால், உள்ளே இரண்டிலும் 1000 இருந்தாலும் ‘இல்லை’ என்றே பதில் வரும். வகை வேறு என்று தள்ளிவிடும். இது நமக்குப் புதிதல்ல. ஒருவர் நிறுவைக்குப் பாலைக் கொண்டுவருகிறார், இன்னொருவர் காய்ந்த கட்டியைக் கொண்டுவருகிறார். இரண்டையும் ஒரே கணக்குக்கு மாற்றாமல் யார் அதிகம் என்று பேசினால் சண்டைதான் மிஞ்சும்.

அடுத்த குழி, எழுத்தாக இருக்கும் எண். கட்டத்தில் நாம் தட்டுவது கணிப்பொறிக்கு முதலில் எழுத்துதான். எழுத்தை எழுத்தாகவே ஒப்பிட்டால் 900 என்பது 1000-ஐ விடப் பெரியதாகிவிடும். அகராதியில் சொற்களை முதல் எழுத்துப் பார்த்து அடுக்குவதைப் போல, 9-ஐயும் 1-ஐயும் மட்டும் பார்த்துத் தீர்ப்புச் சொல்லும். மாற்றிவிட்டுத்தான் ஒப்பிட வேண்டும். மாற்றும்போதும் காற்புள்ளி காலை வாரும். சிங்கப்பூரில் ஒரு லட்சத்தை 100,000 என்று எழுதுவார்கள். இந்தியாவில் 1,00,000 என்று எழுதுவார்கள். சில மாற்றுக் கட்டளைகள் முதல் காற்புள்ளியைக் கண்டதும் நின்றுவிடும். இந்திய முறையில் எழுதிய லட்சத்திலிருந்து கிடைப்பது வெறும் 1. பிழை என்று ஒரு வார்த்தைகூடச் சொல்லாது.

மூன்றாவது குழி, காசு. கணிப்பொறி 0, 1 என்ற இரண்டே இலக்கங்களால் எண்ணுகிறது. நம் பாட்டிமார் சொன்ன அரை, கால், அரைக்கால், வீசம் எல்லாம் அதற்குத் துல்லியமாக வரும். ஒவ்வொன்றும் முன்னதில் பாதி அல்லவா? ஆனால் பத்தில் ஒன்று வராது. மூன்றில் ஒன்றை நாம் 0.333 என்று முடிவில்லாமல் எழுதுவதைப் போல, 0.1-ஐ அது எங்கோ ஓரிடத்தில் வெட்டித்தான் வைக்கும். அதனால் 0.1-ஐயும் 0.2-ஐயும் கூட்டி, 0.3-க்குச் சமமா என்று கேட்டால் ‘இல்லை’ என்கிறது. 4 வெள்ளி 35 காசைக் காசாக்க 100-ஆல் பெருக்கினால் 434.99999999999994 என்று வரும். புள்ளிக்குப் பின்னால் உள்ளதை வெட்டினால் 434. ஒரு காசு போயிற்று.

ஒரு காசுதானே என்று தள்ளிவிட வேண்டாம். 1991 பிப்ரவரி 25-ஆம் தேதி சவூதி அரேபியாவின் தஹ்ரான் நகரில் நடந்ததைக் கேளுங்கள். எதிரி ஏவுகணையைத் தடுக்க வேண்டிய பேட்ரியட் பொறி, நேரத்தைப் பத்தில் ஒரு வினாடியாக எண்ணி வந்தது. அந்தப் பத்தில் ஒன்றை வெட்டி வைத்ததில் ஏற்பட்ட அணுவளவுப் பிழை, சுமார் 100 மணி நேரம் ஓடியதில் மூன்றில் ஒரு வினாடியாகச் சேர்ந்துவிட்டது. பொறி தவறான இடத்தைத் தேடியது. ஏவுகணை படைவீட்டில் விழுந்து 28 அமெரிக்க வீரர்கள் மாண்டார்கள்.

கடைசியாக ஒன்று. சம்பளம் ‘0’ என்று பதிவது வேறு, பதியாமலே விடுவது வேறு. ஆப்ஜெக்டிவ்-சியில், இல்லாத உறையிடம் மதிப்புக் கேட்டாலும் 0 என்றே பதில் வரும். கட்டம் காலியாக இருந்தவனுக்கும் சம்பளம் பூஜ்யம் என்று எழுதிவிட்டால், அவன் யாரிடம் போய்க் கேட்பான்?

செயலி எழுதப் பழகும் பிள்ளைகளுக்கு நான் சொல்வது இதுதான்:

பணத்தைக் காசுக் கணக்கில் முழு எண்ணாக வையுங்கள். எழுத்தை எண்ணாக்கும்போது முழுவதும் மாறியதா என்று பாருங்கள். ஒரே வகைக்குக் கொண்டுவந்த பிறகு மதிப்பை ஒப்பிடுங்கள். காலியையும் பூஜ்யத்தையும் கலக்காதீர்கள். எல்லாவற்றுக்கும் மேலாக, 50-லும் 100-லும் சோதித்துவிட்டுத் திருப்தி அடையாதீர்கள். உண்மையில் ஒரு தொழிலாளி அனுப்பும் தொகையைப் போட்டுப் பாருங்கள்.

பெற்றோர்களே, உங்களுக்கும் ஒரு வார்த்தை. திரையில் ‘சரி’ என்று வந்தாலும் சீட்டைக் கையில் வைத்து ஒருமுறை கணக்குப் பாருங்கள். சம்பளச் சீட்டில் ஐந்து காசு குறைந்தாலும் அலுவலக வாசலில் நின்று கேட்டவர்கள் நாம். அந்தப் பழக்கத்தை விட வேண்டாம்.

அன்றைக்கு அந்தப் பிழையைக் கண்டுபிடித்தது படித்த பையனும் அல்ல, பாடம் சொன்ன நானும் அல்ல. “ஆயிரம் போட்டுப் பார்” என்றாரே, அந்த அப்பாதான்.