பழைய கம்ப்யூட்டருக்கு இலவச சிஸ்டம்: முதலில் பிரின்டரைப் பாருங்க!

வேளாங்கண்ணி திருவிழா நாட்களில், ஆகஸ்ட் 29 முதல் செப்டம்பர் 8 வரை, ஜெராக்ஸ் கடையில் பிரின்டர் மக்கர் செய்தால் வருமானம் போச்சு!

விண்டோஸ் 10-க்கான வழக்கமான சப்போர்ட் 2025 அக்டோபர் 14-ல் முடிந்துவிட்டது. பழைய கம்ப்யூட்டரில் இலவச சிஸ்டம் போடலாம்தான். எதை?

டெபியன் லினக்ஸில் 60,000 சாஃப்ட்வேர் தொகுப்புகளுக்கு மேல். ஃப்ரீபிஎஸ்டியில் 30,000-க்கு மேல். இரண்டுமே தாராளம். வித்தியாசம் டிரைவரில்தான். வைஃபையில் லினக்ஸ் முந்தும். கடைகளில் சகஜமான கேனான் எல்பிபி 2900-க்கு கேனானே லினக்ஸ் டிரைவர் தந்திருக்கிறது (அதை நிறுவப் பொறுமை வேண்டும்!). ஃப்ரீபிஎஸ்டிக்குத் தரவில்லை.

அரசு தந்த இலவச லேப்டாப்களில் விண்டோஸோடு வந்ததே பாஸ் லினக்ஸ், அது சி-டாக் உருவாக்கியது. அதுவும் டெபியன் வழிதான்.

பென் டிரைவில் டெபியனை ஓட்டிப் பார்த்து, ஒரு பக்கமாவது பிரின்ட் எடுத்த பிறகே விண்டோஸை அழியுங்கள். கொடியேற்றத்துக்கு முந்தின வாரம் மட்டும் இந்தச் சோதனை வேண்டாம்.