உழைச்செல்வார்க்கு உரியது

செவிலி என்னும் சொல் தமிழுக்குப் புதியதன்று. அகப்பாடல்களில் தலைவியைப் பெற்றவள் நற்றாய், வளர்த்தவள் செவிலித்தாய். பெறாது வளர்த்தவளுக்கும் தாய் என்னும் பெயரைக் குறையாமல் வழங்கியது நம் மரபு. மருத்துவமனையில் பணிபுரியும் நர்சுக்குத் தமிழ்ப்பெயர் தேடியவர்கள் இச்சொல்லைத் தேர்ந்துகொண்டது மிகப் பொருத்தமே. ஆயின், பெயரைக் கொடுத்த நாம் அப்பெயருக்கு உரிய நிலையைக் கொடுத்தோமா என்பதே ஈண்டு எண்ணிப் பார்க்கத் தக்கது.

திருக்குறளில் மருந்து என்பது 95ஆம் அதிகாரம். அதன் இறுதிக் குறளில் வள்ளுவர் மருத்துவத்தை நான்கு கூறாகப் பகுக்கிறார். நோயாளி, மருத்துவன், மருந்து ஆகிய மூன்றோடு நான்காவதாக அவர் வைப்பது 'உழைச்செல்வான்'. உழை என்பதற்குப் பக்கம் என்பது பொருள். நோயாளியின் பக்கத்தில் இருந்து மருந்தை முறைப்படி செலுத்துபவரே உழைச்செல்வான். இவருக்கு வேண்டிய பண்புகளையும் பரிமேலழகர் நான்காக எண்ணுகிறார்: நோயாளியிடம் அன்பு, மனமொழிமெய்களின் தூய்மை, சொன்னதைச் சொன்னவாறு செய்யும் திறன், அறிவு. ஏவியதைச் செய்யும் எடுபிடியாக அன்றி, அறிவுடைமையும் வேண்டப்படும் ஒருவராக அவர் செவிலியைக் கண்டார் என்பது கருதத்தக்கது. நான்கு கால்களுள் ஒன்று குட்டையாயின் கட்டில் நில்லாது. இன்று நம் மருத்துவமனைகளில் குட்டையாக விடப்பட்டிருக்கும் கால் இந்த நான்காவது காலே ஆகும்.

கோவையும் மருத்துவமும்

கோயம்புத்தூர் பஞ்சாலைகளாலும் பவுண்டரிகளாலும் பெயர் பெற்ற நகரம். இன்று அதற்கு மருத்துவ நகரம் என்னும் பெயரும் சேர்ந்திருக்கிறது. நீலகிரி, திருப்பூர், ஈரோடு மாவட்டங்களிலிருந்தும் வாளையாறு கடந்து பாலக்காட்டிலிருந்தும் நோயாளிகள் இங்கு வருகின்றனர். அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனையும், சிங்காநல்லூர் இ.எஸ்.ஐ. மருத்துவமனையும், அவினாசி சாலையிலும் பிற சாலைகளிலும் உயர்ந்து நிற்கும் தனியார் மருத்துவமனைகளும் இரவு பகல் இயங்குகின்றன. நம் கணபதியிலிருந்து சத்தி சாலை வழியே காந்திபுரம் செல்லும் காலைப் பேருந்துகளில் பவுண்டரிக்கும் மில்லுக்கும் செல்வோருடன் செவிலியரும் நின்றுகொண்டு செல்கின்றனர். முன்னவர்க்குச் சங்கம் உண்டு; ஒப்பந்தம் உண்டு. பின்னவருள் பலருக்கு உள்ளவை பணிநேர அட்டை ஒன்றும், பணி முடியும் நேரம் தெரியாத நிலை ஒன்றுமே.

2021ஆம் ஆண்டு மே மாத இறுதியில் கொரோனாவின் நாள்தொற்று எண்ணிக்கையில் சென்னையையே விஞ்சிக் கோவை முதலிடம் பெற்றது. அந்நாள்களில் பெற்ற பிள்ளையும் அருகே வர அஞ்சிய நோயாளியின் அருகே நின்றவர்கள் செவிலியர். நாமும் கைதட்டினோம், விளக்கேற்றினோம். கைதட்டல் ஓய்ந்தபின் நடந்ததைப் பின்னர்க் காண்போம்.

ஒருவர் எத்தனை பேரைக் காப்பது?

பஞ்சாலையில் ஒரு தொழிலாளி எத்தனை கதிர்களைப் பார்ப்பது என்பது பேசித் தீர்க்கும் பொருள். அதன்பொருட்டு இந்நகரில் போராட்டங்களே நிகழ்ந்துள்ளன. கதிரில் இழை அறுந்தால் மீண்டும் முடிந்துகொள்ளலாம். மனித உயிரின் இழை அறுந்தால் முடிய இயலாது. எனினும் ஒரு செவிலி எத்தனை நோயாளிகளைப் பார்ப்பது என்பதைப் பற்றி நாம் பேசுவதே இல்லை.

1947ஆம் ஆண்டுச் சட்டத்தின்படி அமைந்த இந்திய செவிலியர் மன்றம் இதற்கு அளவு வகுத்திருக்கிறது. மருத்துவக் கல்லூரி மருத்துவமனைகளின் பொதுப்பிரிவில் 3 படுக்கைகளுக்கு ஒருவர். பிற பொது மருத்துவமனைகளில் 5 படுக்கைகளுக்கு ஒருவர். விடுப்பில் செல்வோரை ஈடுசெய்ய 30 விழுக்காட்டினர் கூடுதலாக. இதனை மூன்று முறைப்பணிகளுக்கும் பகிர்ந்தாலும், ஒரு முறைப்பணியில் ஒரு செவிலியின் பொறுப்பில் 9 பேரோ 15 பேரோதான் இருத்தல் வேண்டும். நோயாளிக்குத் துணையாக ஓர் இரவேனும் மருத்துவமனையில் தங்கியவர், ஒரே செவிலி ஒரு கூடம் முழுவதற்கும் ஓடுவதைக் கண்டிருப்பார். ஒருவருக்குக் குளுக்கோஸ் தீர்கிறது. ஒருவருக்கு மூச்சுத் திணறுகிறது. ஒருவரின் உறவினர் உரக்கச் சண்டையிடுகிறார். இவற்றுக்கிடையே பதிவேடும் எழுதப்பட வேண்டும்.

இது செவிலியரின் துன்பம் மட்டும் அன்று. அமெரிக்காவின் பென்சில்வேனியா மாநிலத்தில் 168 மருத்துவமனைகளை ஆராய்ந்து லிண்டா எய்கன் என்பாரும் அவர்தம் குழுவினரும் 2002இல் வெளியிட்ட முடிவுகள் உலகின் கண்ணைத் திறந்தன. ஒரு செவிலியின் பொறுப்பில் ஒரு நோயாளி கூடுதலாகச் சேரச் சேர, அறுவை நோயாளிகள் 30 நாள்களுக்குள் இறக்கும் வாய்ப்பு 7 விழுக்காடு உயர்கிறது. செவிலியர் பணியில் மனநிறைவு இழக்கும் வாய்ப்பு 15 விழுக்காடும், உளம் சோர்ந்து தளரும் வாய்ப்பு 23 விழுக்காடும் உயர்கின்றன. செவிலியின் சோர்வும் நோயாளியின் சாவும் ஒரே கணக்கேட்டின் இரு பக்கங்கள் என்பது இதனால் விளங்கும். கலிபோர்னியா மாநிலம் 1999இல் சட்டமியற்றி, 2004 முதல் ஒரு செவிலிக்கு இத்தனை நோயாளிகளே என்னும் வரம்பை நடைமுறைப்படுத்தியது. நம் நாட்டில் அளவு இருக்கிறது. அதனை மீறினால் கேட்பார்தாம் இல்லை.

ஊதியம் என்னும் பெயரில்

தனியார் மருத்துவமனைச் செவிலியரின் ஊதியத்தைப் பற்றி இந்தியப் பயிற்சிபெற்ற செவிலியர் சங்கம் தொடுத்த வழக்கில், 2016 சனவரி 29ஆம் நாள் உச்ச நீதிமன்றம் ஓர் ஆணை பிறப்பித்தது. அதன்படி மைய அரசு அமைத்த வல்லுநர் குழுவின் பரிந்துரைகள் தெளிவானவை. 200 படுக்கைகளுக்கு மேற்பட்ட மருத்துவமனை, அரசுப் பணியில் அதே நிலையிலுள்ள செவிலி பெறும் ஊதியத்துக்கு நிகராகத் தரல் வேண்டும்; 100க்கு மேற்பட்டதாயின் 10 விழுக்காட்டுக்கு மேலும், 50 முதல் 100 வரையாயின் 25 விழுக்காட்டுக்கு மேலும் குறைதல் கூடாது; 50க்குக் குறைந்த சிறு மருத்துவமனையும் மாதம் 20,000 ரூபாய்க்குக் குறையாமல் தரல் வேண்டும். பரிந்துரை சட்டமாகும் வரை பரிந்துரையே. அண்டை மாநிலமாகிய கேரளத்தில் செவிலியர் 2011 முதல் சங்கமாகத் திரண்டனர். 2017இல் அவர்கள் நடத்திய போராட்டத்தின் பயனாக, 2018 ஏப்ரலில் 20,000 ரூபாய் அடிப்படை ஊதியம் அங்கு அரசாணையாயிற்று. வாளையாற்றுக்கு அப்பால் இயன்றது இப்பால் இயலாது என்பதற்குக் காரணம் யாதும் இல்லை.

அரசுப் பணியோ எனில், அங்கும் இருவகை நீதி நிலவுகிறது. 2015இல் மருத்துவப் பணியாளர் தேர்வு வாரியத்தின் வழித் தேர்வெழுதித் தேர்ந்த செவிலியர், மாதம் 7,700 ரூபாய்த் தொகுப்பூதியத்தில் அமர்த்தப்பட்டனர். இரண்டு ஆண்டுகளில் பணி நிலைபெறும் என்பது அவர்களுக்குத் தரப்பட்ட நம்பிக்கை. ஆண்டுகள் கடந்தும் பெரும்பாலோர்க்கு அது நிறைவேறாமையால், 2017 நவம்பரில் ஆயிரக்கணக்கானோர் சென்னை டி.எம்.எஸ். வளாகத்தில் திரண்டனர். அடுத்த ஆண்டு தொகுப்பூதியம் 14,000 ஆயிற்று. ஒரே கூடத்தில், ஒரே நோயாளிக்கு, ஒரே ஊசியைச் செலுத்தும் இருவருள் ஒருவர் பெறுவது மற்றவர் பெறுவதில் ஒரு சிறு பகுதி என்பதை எந்த அறநூல் ஏற்கும்?

கொரோனாக் காலத்தில் அவசரமாக அழைக்கப்பட்டோர் நிலை இதனினும் இரங்கத்தக்கது. 2020இல் பணியேற்ற செவிலியருள் 2,400க்கும் மேற்பட்டோரின் பணி, 2022 திசம்பர் 31ஆம் நாளோடு முடிவுற்றதாக அறிவிக்கப்பட்டது. போராட்டங்களுக்குப் பின் மாற்றுப் பணி தருவதாக அரசு கூறியது. கூறியது நன்றே, ஆயின் உயிரைப் பணயம் வைத்து உழைத்தவர் தெருவில் அமர்ந்த பின்னரே அச்சொல் பிறந்தது என்பதை மறத்தற்கில்லை.

அகப்பாடலில் தலைவி உடன்போக்கில் சென்றுவிட, செவிலித்தாய் அவளைத் தேடிப் பாலை வழியில் நடப்பாள். இன்று செவிலியே பாலை கடந்து போய்விடுகிறாள். வளைகுடா நாடுகளும் ஐரோப்பிய நாடுகளும் நம் செவிலியரை விரும்பி அழைக்கின்றன. 2014 சூலையில் ஈராக்கின் திக்ரித் நகரிலிருந்து மீட்கப்பட்ட 46 இந்தியச் செவிலியரை நாடு அறியும். படிப்புக்காகப் பட்ட கடன் தீராமல் ஊர் திரும்பி என்ன செய்வது என்று அவருள் பலர் முதலில் தயங்கினர் என்பதே அச்செய்தியின் உட்கருத்து. குண்டு விழும் ஊரைவிடக் கடன்காரர் நிற்கும் வாசல் அவர்களை அஞ்ச வைத்தது.

மனநிறைவு எங்கே பிறக்கிறது?

பணியில் மனநிறைவு என்பதை ஆராய்ந்த ஃபிரடெரிக் ஹெர்ஸ்பெர்க் என்னும் அறிஞர் 1959இல் ஒரு கருத்தை முன்வைத்தார். ஊதியமும் பணிச்சூழலும் குறைந்தால் மனக்குறை தோன்றும். ஆயின் அவை நிறைந்த அளவானே மனநிறைவு தோன்றிவிடாது. செய்யும் தொழிலின் பயன், பிறர் தரும் மதிப்பு, பொறுப்பு, முன்னேற்றம் ஆகியவையே நிறைவைத் தருவன என்றார். இக்கருத்தைச் செவிலியர் பணியோடு பொருத்திப் பார்த்தால் ஒரு முரண் புலப்படும். தொழிலின் பயன் என்னும் பெருஞ்செல்வம் அவர்களிடம் இயல்பாகவே உண்டு. பிழைத்தெழுந்த நோயாளியின் முகத்தைக் காண்பதினும் சிறந்த பயன் எத்தொழிலில் கிடைக்கும்? அந்நிறைவை அடியிலிருந்து அரிப்பவை எளிதில் நீக்கத்தக்க சிறு குறைகளே: அமர ஒரு நாற்காலி இல்லாமை, பூட்டக்கூடிய ஓய்வறை இல்லாமை, தொடர்ந்த இரவுப்பணி, எல்லார் முன்னிலையிலும் கேட்கும் கடுஞ்சொல், மூலச்சான்றிதழைப் பிடித்துவைக்கும் வழக்கம்.

கடைகளில் நின்றே பணிபுரிவோர்க்கு இருக்கை தரல் வேண்டும் என்று 2021இல் தமிழக அரசு சட்டம் செய்தது. துணிக்கடைப் பெண்ணுக்கு இரங்கிய அவ்வுள்ளம் மருத்துவமனைக் கூடத்துக்கும் வருதல் வேண்டும். ஓய்வறையின் அருமையை உணர மும்பை கே.இ.எம். மருத்துவமனைச் செவிலி அருணா ஷான்பாகின் வரலாறு ஒன்றே போதும். 1973 நவம்பரில் பணி முடித்து உடை மாற்றச் சென்ற இடத்தில் தாக்கப்பட்டு நினைவிழந்த அவர், 2015 மே மாதம் வரை 42 ஆண்டுகள் அதே மருத்துவமனையில் கிடந்தார். அத்தனை ஆண்டுகளும் அவரைக் குளிப்பாட்டி, ஊட்டி, காத்தவர்கள் அங்குப் பணிபுரிந்த செவிலியரே. ஒரு செவிலியைக் காக்கத் தவறிய மருத்துவமனையில் தலைமுறை தலைமுறையாகச் செவிலியரே அவரைக் காத்தனர்.

சொல்லப்படும் தடைகள்

ஊதியம் உயர்ந்தால் மருத்துவக் கட்டணம் உயரும். அது ஏழையைத் தாக்கும் என்பர். இதனை முற்றிலும் தள்ளிவிடுவதற்கில்லை. 20 படுக்கைகளோடு ஒரு மருத்துவர் நடத்தும் சிறு மருத்துவமனையின் இடர்ப்பாடு உண்மையானது. அதனாலன்றோ வல்லுநர் குழுவும் படுக்கை எண்ணிக்கைக்கு ஏற்பப் படிநிலை வகுத்தது? ஆயின் பல அடுக்குக் கட்டடமும் விலையுயர்ந்த கருவிகளும் வாங்கும்போது எழாத ஏழையின் நினைவு, செவிலியின் ஊதியப் பட்டியலைக் காணும்போது மட்டும் எழுவது ஏன்? ஏழைக்குச் செய்யும் உதவியின் சுமையை மற்றோர் ஏழை வீட்டுப் பெண்ணின் தோளில் ஏற்றுதல் ஈகை ஆகாது.

இது தொழிலன்று, தொண்டு என்பாரும் உளர். தொண்டு என்பது செய்பவர் தம் வாயால் சொல்லத்தக்க சொல். கூலி கொடுப்பவர் சொல்லத்தக்கதன்று.

நம் இல்லங்களை நோக்கி

அரசையும் நிருவாகங்களையும் கேட்பதற்கு முன் நம்மை நாமே கேட்க வேண்டிய கேள்வி ஒன்று உண்டு. நம் வீட்டுப் பெண்களின் பேறுகாலத்தில் பெண் செவிலியே உடனிருத்தல் வேண்டும் என்கிறோம். ஆயின் நம் மகள் செவிலியர் படிப்பை விரும்பினால் இரவுப்பணியைச் சொல்லித் தடுக்கிறோம். மருமகளாகச் செவிலி ஒருத்தியைப் பேசினால் தயங்குகிறோம். அந்த இரவுப்பணியை வேறு யாரோ பெற்ற மகள் செய்தால் மட்டும் நமக்கு உடன்பாடா?

நபிகள் நாயகம் (ஸல்) அவர்கள் காலத்தில் மதீனாப் பள்ளிவாசலின் வளாகத்திலேயே கூடாரம் அமைத்து, காயமுற்றோர்க்கு மருத்துவம் செய்தவர் ருஃபைதா (ரலி) அவர்கள். அகழ்ப்போரில் காயமுற்ற சஅத் இப்னு முஆத் (ரலி) அவர்கள் அக்கூடாரத்துக்கே கொண்டு செல்லப்பட்டார்கள். பள்ளிவாசலின் அருகிலேயே இடம் பெற்ற பணி நம் மணப்பேச்சில் இடம் பெறாமல் போவது முறையன்று. மேலும், உழைப்பவர்க்குரிய கூலியைக் காலந்தாழ்த்தாமலும் குறைக்காமலும் தருதல் கடமை என்பது பெரியோர்கள் அறிந்ததே. மருத்துவமனை நடத்தும் நம்மவர்களும் அறக்கட்டளைகளும் சட்டம் வரட்டும் என்று காத்திராமல் தாமே முன்வந்து இதனைச் செய்து காட்டலாம்.

செய்ய வேண்டுவன பலவல்ல. படுக்கைக்கேற்ற செவிலியர் எண்ணிக்கையைச் சட்டமாக்குதல், வல்லுநர் குழு சொன்ன ஊதியத்தை நடைமுறைப்படுத்துதல், ஒப்பந்தச் செவிலியரின் பணியைக் கெடு வைத்து நிலைப்படுத்துதல், ஒவ்வொரு கூடத்திலும் இருக்கையும் பாதுகாப்பான ஓய்வறையும் அமைத்தல், மூலச்சான்றிதழை உரியவரிடமே விடுதல் ஆகியவை போதும். மாணவச் செல்வங்களுக்கும் ஒரு பங்கு உண்டு. மருத்துவமனைக்கு உறவினரைக் காணச் செல்லும்போது செவிலியிடம் குரலை உயர்த்தாமல் பேசுவதற்குச் சட்டமும் வேண்டா, செலவும் இல்லை.

உழை என்னும் சொல்லுக்குப் பக்கம் என்றும் உழைத்தல் என்றும் இருபொருள் உண்டு. நம் நோயில் நம் பக்கம் நின்று உழைப்பவர் பக்கம் நாமும் நிற்றல் வேண்டும்.