ஐந்தாம் தந்தி யாருக்கு?

இரண்டாம் ஆண்டு, பி.எஸ்ஸி. (இயற்பியல்)

"ஆற்றில் போட்டாலும் அளந்து போடு" என்பார்கள். அளக்காமல் போட்டவன் நான். போட்ட தொகை 14,000 ரூபாய். அதில் பாதி, கோடை விடுமுறையில் கொத்தனாரான என் தந்தையாரோடு சித்தாளாக நின்று கலவை சுமந்து சேர்த்தது. மறுபாதி, என் தாயார் மகளிர் குழுவில் வாங்கித் தந்த கடன். எங்கள் குடும்பத்தில் கல்லூரி வாயிலை மிதித்த முதல் ஆள் நான். ஆகவே நான் எதைக் கேட்டாலும் தெரிந்துதான் கேட்பேன் என்று நம்புகிறவர்கள் என் பெற்றோர். அந்த நம்பிக்கையை முதலாக வைத்து நான் வாங்கியது, யாரோ வாசித்து விற்ற ஓர் ஐந்து தந்தி பேஸ் கிட்டாரும், அதனுடன் ஒரு சிறிய ஆம்ப்ளிஃபயரும்!

நம் நுண்கலை மன்றம் இவ்வாண்டு இசைக்குழுவுக்கென ஒரு பேஸ் கிட்டார் வாங்க எண்ணியுள்ளது என்ற செய்தி கேட்டு மகிழ்ந்தேன். நான்கு தந்தியா, ஐந்து தந்தியா என்ற வழக்கு இப்போது விடுதியிலும் வேப்பமரத்தடியிலும் நடந்துகொண்டிருக்கிறது. பேராசிரியப் பெருமக்களே! உடன் பயிலும் தோழர்களே! அந்த வழக்கில் சாட்சி சொல்ல எனக்கு உரிமை உண்டு. ஏனெனில் அடிபட்டவன் நான்.

பேஸ் கிட்டாரை அறியாதவர்க்கு ஒரு சொல். மேடையில் பாடகரும் கீபோர்டும் எல்லாருடைய கண்ணுக்கும் தெரிவார்கள். ஓரத்தில் நின்று தடித்த தந்திகளை விரலால் மீட்டுகிறவரை யாரும் பார்ப்பதில்லை. ஆனால் அவர் நிறுத்திவிட்டால் பாட்டுக்குக் கால் போய்விடும். இளையராஜா அவர்களின் பாடல்களைக் காதணிக் கருவியில் கேட்டுப் பாருங்கள். பாடலின் அடியில் இன்னொரு பாடல் ஓடிக்கொண்டிருக்கும். அதுவே பேஸ்.

1951-இல் அமெரிக்காவில் லியோ ஃபென்டர் என்பார் விற்பனைக்குக் கொண்டுவந்த 'பிரிசிஷன் பேஸ்' நான்கு தந்திகளை உடையது. இ, ஏ, டி, ஜி என்பன அவற்றின் சுரங்கள். அடியிலுள்ள இ தந்தியின் அதிர்வெண் 41.2 ஹெர்ட்ஸ். 1965-இல் அதே நிறுவனம் ஐந்து தந்திக் கருவி ஒன்றைச் செய்தது. ஆனால் ஐந்தாவதை அடியில் சேர்க்கவில்லை, மேலே சேர்த்தது. அது நிலைக்கவில்லை. 1975-இல் ஆந்தனி ஜாக்சன் என்னும் கலைஞருக்காகக் கார்ல் தாம்சன் செய்தளித்த ஆறு தந்திக் கருவியில்தான் அடியில் பி தந்தி இடம்பெற்றது. பின்னர்ச் சின்தசைசர்கள் இ சுரத்துக்கும் கீழே இறங்கி ஒலிக்கத் தொடங்கின. பேஸ் கலைஞர்களுக்கும் அந்த ஆழம் தேவைப்பட்டது. 1987-இல் மியூசிக் மேன் நிறுவனத்தின் ஸ்டிங்ரே 5 போன்ற கருவிகள் வந்தபின் ஐந்து தந்தி பரவலாயிற்று. அந்த ஐந்தாம் தந்தியின் அதிர்வெண் 30.9 ஹெர்ட்ஸ். மனிதச் செவியின் கீழெல்லை 20 ஹெர்ட்ஸ் என்று படிக்கிறோம். எனவே அது செவியின் வாசற்படிக்குச் சற்று உள்ளே நிற்கும் ஒலி எனலாம்.

இந்த வரலாறெல்லாம் கடைக்குப் போகும்போது எனக்குத் தெரியாது. எனக்குத் தெரிந்ததெல்லாம், ஐந்து என்பது நான்கைவிட ஒன்று அதிகம் என்பதே. கடைக்காரரும் அதையேதான் சொன்னார்.

மேடையில் நடந்தது

சென்ற கல்லூரி நாள் விழாவில் எங்கள் குழு ஏறியது. பாடிய நண்பருக்கு 1 கட்டைச் சுருதி. அதாவது மேற்கத்திய முறையில் சி. நான் பெருமிதத்தோடு ஐந்தாம் தந்தியின் முதல் மெட்டில் விரல் வைத்து, 32.7 ஹெர்ட்ஸில் அடிச் சட்ஜத்தை மீட்டினேன். என் விரலுக்கு அதிர்வு தெரிந்தது. தந்தி கொடிக்கயிறு போல ஆடி மெட்டில் பட்டுக் 'கரகர' என்றது. என் 8 அங்குல ஸ்பீக்கர் படபடத்தது. பாட்டு முடிந்து இறங்கியதும் மூன்றாம் வரிசையில் இருந்த தோழன் கேட்டான்: "ஏன்டா, நீ வாசிச்சியா, இல்ல சும்மா நின்னியா?"

அன்றிரவு நான் உறங்கவில்லை. தாயார் வாரந்தோறும் கட்டும் தவணைதான் கண்முன் நின்றது.

சுரமானி சொன்ன பாடம்

விடை இவ்வாண்டு நம் இயற்பியல் ஆய்வுக்கூடத்தில் கிடைத்தது. சுரமானிச் சோதனையை நாம் அனைவரும் மதிப்பெண்ணுக்காகச் செய்கிறோம். எனக்கோ அது என் வழக்கின் தீர்ப்பாக அமைந்தது. தந்தியின் அதிர்வெண் நீளத்துக்கு எதிர்விகிதத்திலும், இழுவிசையின் வர்க்கமூலத்துக்கு நேர்விகிதத்திலும், ஓரலகு நீளத்தின் நிறையினது வர்க்கமூலத்துக்கு எதிர்விகிதத்திலும் இருக்கும். இ தந்தியையே தளர்த்திப் பி சுரத்துக்கு இறக்கினால் இழுவிசை 56 விழுக்காடாகக் குறைந்துவிடும், தந்தி தொய்ந்துபோகும். தொய்யாமல் இருக்க நிறையை 1.78 மடங்கு ஆக்கவேண்டும். 0.100 அங்குல இ தந்திக்கு ஈடாக ஏறத்தாழ 0.133 அங்குலத் தந்தி வேண்டும் என்று கணக்கு வருகிறது. கடையில் வழக்கமாகக் கிடைக்கும் ஐந்து தந்திக் கட்டில் பி தந்தி 0.130 அங்குலம்! என் கருவியில் கட்டியிருந்த தந்தியைத் திருகு அளவியால் அளந்தேன். அது அதைவிட மிக மெலிந்தது. யாரோ கிடைத்த தந்தியைக் கட்டி விற்றிருக்கிறார்கள்.

தடிமனுக்கும் எல்லை உண்டு. மிகத் தடித்த தந்தி கம்பி என்பதை விட்டுத் தண்டு போல நடக்கத் தொடங்கும்; ஒலி மழுங்கும். ஆகவே சிலர் நீளத்தைக் கூட்டுகிறார்கள். வழக்கமான 34 அங்குலத்துக்குப் பதில் 35 அங்குலம் வைத்தால், அதே தந்தி அதே சுரத்தில் ஏறக்குறைய 6 விழுக்காடு கூடுதலாக விறைத்து நிற்கும். அதற்கேற்ப விரல்களும் சற்று அகலவேண்டும்.

ஸ்பீக்கருக்கும் இதே கணக்குத்தான். ஒரே அளவு ஒலியை வெளியிட, அதிர்வெண் குறையக் குறைய ஸ்பீக்கரின் கூம்பு அதன் வர்க்கத்துக்கேற்பக் கூடுதலாக முன்னும் பின்னும் ஓடவேண்டும். 41.2-இலிருந்து 30.9-க்கு இறங்கினால் ஓட்டம் 1.78 மடங்கு. சிறிய கூம்பு அத்தனை தூரம் ஓடாது. ஓடச் சொன்னால் கிழியும்.

அப்படியானால் சிறிய ஸ்பீக்கரில் பி தந்தி அறவே கேட்காதா என்று கேட்கலாம். கேட்கும். 30.9 வராவிட்டாலும் அதன் மேற்சுரங்களான 61.8, 92.7 ஹெர்ட்ஸ் ஒலிகளைக் கேட்டு, விடுபட்ட அடிச்சுரத்தை நம் செவியே ஊகித்துக்கொள்ளும். இன்ன சுரம் என்று தெரியும். நெஞ்சில் வந்து மோதாது. அந்த மோதலுக்காகத்தானே ஐந்தாம் தந்திக்குக் காசு கொடுக்கிறோம்?

இதையெல்லாம் என் தந்தையாருக்கு விளக்கினேன். அவர் ரசமட்டத்தைத் துடைத்தபடியே கேட்டுவிட்டு, "பத்தடி அஸ்திவாரம் தோண்டிட்டு மேல ஓலைக்கூரை போட்டா யாருக்குப்பா லாபம்?" என்றார். நான் ஒரு பருவம் படித்ததை அவர் ஒரு வாக்கியத்தில் முடித்துவிட்டார்.

நான்கு தந்திக் கட்சியாரின் வாதம்

"அப்படியானால் நான்கே போதும்" என்பார் உளர். அவர்கள் கூற்றில் உண்மை இல்லாமல் இல்லை. மோடவுன் நிறுவனத்தின் பாடல்களுக்கு உயிரூட்டிய ஜேம்ஸ் ஜேமர்சன் வாசித்தது நான்கு தந்தி. பேஸ் கிட்டாரைத் தனிக் கச்சேரிக் கருவியாக உயர்த்திய ஜாகோ பாஸ்டோரியஸ் வாசித்ததும் நான்கு தந்தியே. நானும் அடுத்த நிகழ்ச்சியில், அதே 1 கட்டைப் பாட்டுக்கு ஏ தந்தியின் மூன்றாம் மெட்டில், 65.4 ஹெர்ட்ஸில் சட்ஜத்தை வாசித்தேன். கருவியை டிஐ பெட்டி வழியாக அரங்கின் மிக்சரில் நேரே இணைத்தேன். பாட்டு நின்றது. தோழனும் கேட்டான், கேலி செய்யவில்லை.

ஆயினும் சென்ற பங்குனித் திருவிழாவில் ஒரு மெல்லிசைக் குழுவைக் கேட்டேன். 2 கட்டையில் ஒருவர் பாட, பேஸ் கலைஞர் ஐந்தாம் தந்தியின் மூன்றாம் மெட்டுக்கு இறங்கினார். ஆள் உயர ஸ்பீக்கர்கள். 36.7 ஹெர்ட்ஸ். நான் நின்ற தரை பாடிற்று. அப்போதுதான் எனக்கு ஒன்று விளங்கியது. நான்கு தந்திக் கருவியின் கடைசிச் சுரம் இ. அதாவது 3 கட்டை. அதற்குக் கீழே 1, 1½, 2, 2½ கட்டையில் பாடுகிறவர்களின் அடிச் சட்ஜம் அதில் இல்லை! நம் ஆண் பாடகர்களில் பெரும்பாலோர் அந்தக் கட்டைகளில்தான் பாடுகிறார்கள். ஆக, ஐந்தாம் தந்தி நம் மேடைக்குப் பொருந்தாத ஆடம்பரம் என்று தள்ளிவிடவும் முடியாது.

என் தீர்ப்பு

ஆகவே நான் சொல்வது இதுதான்: தனி மாணவன் நான்கு தந்தி வாங்கட்டும், கல்லூரி ஐந்து தந்தி வாங்கட்டும்.

வீட்டில் சிறிய ஸ்பீக்கர் வைத்துப் பழகுகிறவனுக்கு ஐந்தாம் தந்தியால் பயனைவிடத் தொல்லையே மிகுதி. மற்றத் தந்திகளை மீட்டும்போது அதுவும் ஒத்ததிர்வில் முனகும். கட்டைவிரலை அதன்மேல் சாய்த்து அடக்கிவைக்கத் தனிப் பயிற்சி வேண்டும். ஒரே தொகைக்கு நல்ல நான்கு தந்தி கிடைக்கும். ஐந்து தந்தி என்றால் மட்டமானதே கிடைக்கும்.

கல்லூரியின் நிலை வேறு. விழாக்களுக்குப் பெரிய ஸ்பீக்கர்கள் வாடகைக்கு வருகின்றன. ஒவ்வோர் ஆண்டும் ஒவ்வொரு கட்டையில் பாடுகிற மாணவர் வருகிறார்கள். ஒரு கருவி பல அணி மாணவர் கைகளில் பழகும். சொந்தமாக வாங்க வழியில்லாத ஒருவன், கடன்படாமல் அந்த அடிச்சுரத்தைத் தொடமுடியும். நூலகத்தில் விலையுயர்ந்த நூலை வாங்கி வைப்பதும் இதற்காகத்தானே?

வாங்கப் போகிறவர்கள் கடையில் செய்யவேண்டியவை சில உண்டு. முதலில் ஐந்தாம் தந்தியின் ஐந்தாம் மெட்டை மீட்டி, உடனே நான்காம் தந்தியை வெறுமனே மீட்டுங்கள். இரண்டும் இ சுரமே. அளவிலும் தெளிவிலும் ஒன்றுபோல் ஒலிக்கவேண்டும். ஒன்று மழுங்கினால் அக்கருவி வேண்டா. பின்பு பி தந்தியை முதல் மெட்டிலிருந்து ஒவ்வொன்றாக அழுத்தி, 'கரகர' ஒலி வருகிறதா என்று பாருங்கள். பன்னிரண்டாம் மெட்டில் சுரம் சரியாக மேல் ஸ்தாயி பேசவேண்டும். தந்திகளின் இடைவெளி நம் விரலுக்கு ஏற்கிறதா என்று பாருங்கள். 9 வோல்ட் பேட்டரியில் இயங்கும் கருவியாயின், வாசித்து முடித்ததும் வயரைக் கழற்றிவைக்கும் பழக்கம் வேண்டும். செருகியபடியே விட்டால் பேட்டரி வடிந்துவிடும்.

'வாட்' எண்ணிக்கையைக் கண்டு மயங்கவேண்டா. திறனை இரட்டித்தால் கூடுவது 3 டெசிபெல்தான். செவிக்கு இருமடங்காகத் தோன்ற ஏறத்தாழ 10 மடங்கு திறன் வேண்டும். ஆகவே பெரிய ஆம்ப்ளிஃபயருக்குச் செலவிடுவதை விட, ஒரு நல்ல டிஐ பெட்டியும், ஒரு கூடுதல் தந்திக் கட்டும், அகன்ற தோள்வாரும் வாங்குவது மேல். சாதாரணக் கிட்டாரின் ஆம்ப்ளிஃபயரில் பேஸை இணைத்து உரக்க வாசிப்பது, மாட்டுவண்டியில் லாரிச் சரக்கை ஏற்றுவது போன்றது.

என் கருவியை நான் விற்கவில்லை. சரியான தந்தி கட்டி, மட்டம் பார்த்து வைத்திருக்கிறேன். மகளிர் குழுக் கடன் தை மாதத்தோடு தீர்ந்தது. கடைசித் தவணை கட்டிவந்த என் தாயார், "அந்தத் தடிக் கம்பி இப்பக் கேக்குதா?" என்று கேட்டார். "பெரிய ஸ்பீக்கர் இருந்தா கேக்கும்மா" என்றேன். "அப்போ காலேஜுல கேட்டு வாங்கு" என்றார்.

கேட்டுவிட்டேன். மன்றத்தார் முடிவு செய்யட்டும். ஆனால் அளந்து முடிவு செய்யட்டும்!