நடக்க முடியும், பயணிக்க முடியாது

பிச்சாவரத்திலிருந்து சிதம்பரம் ஏறத்தாழ 15 கிலோமீட்டர். மருத்துவமனைக்கு வருவோரில் பெரும்பாலோருக்கு இது பெரிய தொலைவன்று. ஆனால் ஆட்டிசம் எனப்படும் மதியிறுக்கம் உடைய பிள்ளைக்கு, ஒலிப்பானின் அலறலும், நெரிசலில் மேலே படும் கைகளும், வண்டி எப்போது வரும் என்று தெரியாத காத்திருப்பும் சேர்ந்து அத்தொலைவைக் கடக்க முடியாததாக்கிவிடும். பதற்றக் கோளாறு உடையவரோ நெஞ்சு படபடத்து, மூச்சு முட்டி, பாதி வழியில் இறங்கிவிட நேரும். இத்தகையோர் பயிற்சிக்கோ மருந்துக்கோ வராமல் நின்றுவிட்டால், அது சிகிச்சையில் நம்பிக்கை இழந்ததால்தான் என்று கருதிவிடக் கூடாது. வழியே தடையாகியிருக்கலாம்.

இவர்களின் கால்களில் குறையில்லை. ஆகவே, “நன்றாகத்தானே நடக்கிறான், இவனுக்கு எதற்குச் சலுகை?” என்ற கேள்வி எழுகிறது. அக்கேள்விக்கு அஞ்சியே பல குடும்பங்கள் விண்ணப்பிக்காமல் இருந்துவிடுகின்றன. பயண இடர்ப்பாடு உள்ளத்தாலும் புலன்களாலும் வரலாம். அதற்குரிய உதவியைக் கேட்பது இரப்பதன்று, உரிமை. இதுவே என் கருத்து.

சட்டம் இதற்கு இடமளிக்கிறது. 1995ஆம் ஆண்டுச் சட்டம் ஏழு வகைக் குறைபாடுகளையே கூறியது. அவற்றுள் மதியிறுக்கம் இல்லை. 2016ஆம் ஆண்டு மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டம் அதனை 21 வகைகளாக விரித்து, மதியிறுக்கத்தையும் சேர்த்தது. வாழ்வின் அன்றாடத் தேவைகளை நிறைவேற்ற முடியாத அளவுக்குக் கடுமையான மனநிலைப் பாதிப்பு மனநோய் என்னும் வகையில் மதிப்பிடப்படும். பாதிப்பு 40 விழுக்காடு அல்லது அதற்கு மேல் எனச் சான்றளிக்கப்பட்டால் பெரும்பாலான சலுகைகளுக்கு வழி திறக்கும்.

இடர் மதிப்பீட்டில் இருக்கிறது. மதியிறுக்கத்தை அளக்கும் இந்திய அளவுகோலில் 40 கூறுகள் உள்ளன. மனநோய்க்கான அளவுகோல் தற்பேணல், பிறருடன் பழகுதல், கருத்துப் பரிமாற்றமும் புரிதலும், வேலை ஆகிய நான்கையும் நோயின் கால அளவையும் பார்க்கிறது. இரண்டிலும் பயணத்துக்கெனத் தனிப் பகுதி இல்லை. அமைதியான அறையில், தாயின் அருகில் அமர்ந்திருக்கும் பிள்ளையைக் காணும் மருத்துவர், பேருந்து நிலையத்தில் அவன் படும் பாட்டைக் காண்பதில்லை. அதை எடுத்துச் சொல்ல வேண்டியவர்கள் உடனிருப்போரே.

எனவே, மதிப்பீட்டுக்கு வருமுன் நான்கு வாரங்களேனும் பயணக் குறிப்பு எழுதுங்கள். எந்த நாள், எவ்வளவு தொலைவு, எந்த இடத்தில் பதற்றம் தொடங்கியது, எவ்வளவு நேரம் நீடித்தது, இறங்க நேர்ந்ததா, துணையாக யார் சென்றார், தவறிய மருத்துவ நாள்கள் எத்தனை என்பனவற்றைக் குறியுங்கள். “பயப்படுவான்” என்பதைவிட, “கிள்ளையைத் தாண்டுமுன் காதைப் பொத்திக்கொண்டு அழுதான், இருமுறை இறங்கினோம்” என்பது மருத்துவருக்குப் பயன்படும். மதியிறுக்க அளவுகோலில் புலனுணர்வு பற்றிய பகுதி உண்டு. ஒலி, தொடுகை குறித்த கேள்விகளுக்கு விடையாகப் பயண அனுபவத்தைச் சொல்லுங்கள். துணையின்றிப் பயணிக்க இயலாது என்பது உண்மையானால், அதை எழுத்தில் தருமாறு மருத்துவரிடம் தயங்காமல் கேளுங்கள்.

கிடைப்பவை எவை? சாதாரணக் கட்டண நகரப் பேருந்துகளில் மாற்றுத்திறனாளியும் உடன் வரும் ஒருவரும் 2021 முதல் கட்டணமின்றிப் பயணிக்கலாம். வெளியூர் அரசுப் பேருந்துகளில் 75 விழுக்காடு கட்டணச் சலுகை உண்டு. துணையாளருக்கு அது எந்த நிலையில் பொருந்தும் என்பதை மாவட்ட மாற்றுத்திறனாளிகள் நல அலுவலகத்தில் கேட்டறியுங்கள். சான்றளித்த முடிவு ஏற்கத்தக்கதன்று எனில், 2016ஆம் ஆண்டுச் சட்டத்தின் 59ஆம் பிரிவு மேல்முறையீட்டுக்கு வழி செய்கிறது. கடலூர் மாவட்ட ஆட்சியர் அலுவலகத்தில் திங்கள்கிழமைகளில் நடைபெறும் குறைதீர்க்கும் நாளிலும் மனு அளிக்கலாம்.

கட்டணத்தைக் குறைப்பது மட்டும் போதாது என்று சிலர் கூறுவர். உண்மைதான், இலவசச் சீட்டு இரைச்சலைக் குறைக்காது. ஆனால் துணையாளரின் செலவு குறைந்தால் அவர் ஒவ்வொரு முறையும் உடன் வர இயலும். இவர்களுக்குத் துணையே ஊன்றுகோல்.

பிரிட்டனில் இதே வழக்கு நடந்தது. மனத்துயரால் பயணிக்க இயலாதோருக்குக் குறைந்த உதவியே போதும் என 2017இல் அந்நாட்டு அரசு விதியை மாற்றியது. அது பாகுபாடு என்று அவ்வாண்டு டிசம்பரில் உயர்நீதிமன்றம் தீர்ப்பளித்தது. அரசு மேல்முறையீடு செய்யவில்லை. ஏறத்தாழ 16 லட்சம் உதவித்தொகைக் கோப்புகளை மறு ஆய்வு செய்வதாக அறிவித்தது.

நாமும் கேட்க வேண்டியவை உள்ளன. மதிப்பீட்டு அளவுகோல்களில் பயணம் தனிக் கூறாக இடம்பெற வேண்டும். ரயில் கட்டணச் சலுகைப் பட்டியலில் மதியிறுக்கம் தன் பெயராலேயே இடம்பெற வேண்டும். சான்றளிக்கும் முகாம்கள் கிள்ளை போன்ற ஊர்களிலேயே நடைபெற வேண்டும். பயணிக்க இயலாதவரைச் சான்றுக்காகவே நெடுந்தொலைவு பயணிக்கச் செய்வது முறையன்று. அதுவரை, உங்கள் குறிப்பேடே உங்கள் முதற்சான்று. அடுத்த முறை மருத்துவரைக் காண வரும்போது அதைக் கையோடு கொண்டுவாருங்கள்.