திரும்பி வரும் வழியும் திட்டத்தில் இருக்கட்டும்

அரசாங்கத் திணைக்களங்களும் வங்கிகளும் கணினிகளிலேயே தங்கியிருக்கும் இக்காலத்தில், ஏனைய கணினிகளைக் கட்டுப்படுத்தும் மேலாண்மைச் சேவையகங்களைப் பழைய இயந்திரங்களிலிருந்து புதியவற்றுக்கு மாற்றுவது தவிர்க்க முடியாத பணியாகிவிட்டது. இது தொழில்நுட்பவியலாளர்களின் உள்விவகாரம் போலத் தோன்றலாம். ஆனால் மாற்றம் பிழைக்குமானால், அதன் விலையைக் கொடுப்பவர்கள் கருமபீடத்தின் முன்னால் வரிசையில் நிற்கும் சாதாரண மக்களே.

பிரித்தானியாவின் ரி.எஸ்.பி. வங்கியின் அனுபவம் இதற்குத் தக்க உதாரணமாகும். 2018 ஏப்ரலில் அவ்வங்கி தனது சுமார் 52 இலட்சம் வாடிக்கையாளர்களின் கணக்குகளைப் புதிய கணினி முறைமைக்கு மாற்றியது. தரவுகள் பத்திரமாகப் போய்ச் சேர்ந்தன. ஆயினும் புதிய முறைமை சுமையைத் தாங்கவில்லை. சுமார் 19 இலட்சம் பேர் தமது கணக்குகளை அணுக முடியாது தவித்தனர். நிலைமை முற்றாகச் சீரடைய அவ்வருட டிசெம்பர் வரை சென்றது. படிப்படியாகச் செய்ய வேண்டியதைப் பெரும்பாலும் ஒரே தடவையில் செய்ததும், இரு தரவு நிலையங்களையும் முறையாகப் பரிசோதிக்காததும் பின்னர் நடந்த விசாரணையில் சுட்டிக்காட்டப்பட்டன. 2022 டிசெம்பரில் வங்கிக்கு 48.65 மில்லியன் பவுண் தண்டம் விதிக்கப்பட்டது.

தொழில்நுட்பத்தில் முன்னணியிலுள்ள தென்கொரியாவும் தப்பவில்லை. 2025 செப்டெம்பரில் டெஜொன் நகரிலுள்ள அரச தரவு நிலையத்தில் மின்கலங்களை இடமாற்றும் பணியின்போது தீ மூண்டது. நூற்றுக்கணக்கான அரச சேவைகள் நின்றுபோயின. அரச ஊழியர்கள் ஆவணங்களைச் சேமித்து வந்த ஒரு முறைமையின் 858 டெராபைட் தரவுகள் அழிந்தன. அவற்றுக்கு வேறிடத்தில் பிரதி இருக்கவில்லை.

அப்படியானால் மாற்றாமலே இருந்துவிடலாமா? முடியாது. 2023 ஓகஸ்டில் எமது நாட்டின் அரச மின்னஞ்சல் முறைமை இணையத் தாக்குதலுக்கு உள்ளானபோது, மே 17 முதல் ஓகஸ்ட் 26 வரையான மின்னஞ்சல்கள் இழக்கப்பட்டன. அங்கு இயங்கியது காலாவதியான 2013ஆம் ஆண்டுப் பதிப்பு. அதைப் புதுப்பிக்கும் பணி நிதிப் பற்றாக்குறை உள்ளிட்ட காரணங்களால் பிற்போடப்பட்டு வந்தது. அக்காலப்பகுதிக்குரிய மாற்றுப் பிரதியும் இருக்கவில்லை. ஆக, அவசரப்பட்டு மாற்றுவது எவ்வளவு ஆபத்தோ, மாற்றாது காலங்கடத்துவதும் அவ்வளவு ஆபத்தே.

செய்ய வேண்டியது இரண்டுக்கும் இடைப்பட்ட வழியாகும். மாற்றத்துக்கு முன்னர் முழுப் பிரதி எடுக்கப்பட வேண்டும். அப்பிரதியிலிருந்து முறைமையை மீட்க முடியுமா என்பதையும் ஒருமுறை செய்து பார்க்க வேண்டும். மீட்டுப் பார்க்காத பிரதி வெறும் நம்பிக்கையே. பழைய இயந்திரத்தை உடனே அப்புறப்படுத்தாது, வலையமைப்பிலிருந்து துண்டித்து, உள்ளதை உள்ளபடியே சில வாரங்களுக்கு வைத்திருக்க வேண்டும். எத்தனை மணிநேரத்துக்குள் புதியது சீராக இயங்காவிடின் பழையதற்குத் திரும்புவது, அதனைத் தீர்மானிப்பவர் யார் என்பன முன்கூட்டியே எழுத்தில் இருக்க வேண்டும். இடைநேரத்தில் புதிய இயந்திரத்தில் பதிவானவற்றைப் பழையதில் எவ்வாறு சேர்ப்பது என்பதும் அதில் அடங்க வேண்டும். இவற்றுக்குச் செலவுண்டு. ஆனால் பேரிழப்பின் செலவோடு ஒப்பிடுகையில் அது சொற்பமே.

பதிவேடு தொலைவதென்றால் என்னவென்று எமது மக்களுக்கு எவரும் விளக்கத் தேவையில்லை. யுத்தத்திலும் 1990இன் வெளியேற்றத்திலும் 2004இன் ஆழிப்பேரலையிலும் பிறப்புச் சான்றிதழையும் காணி உறுதியையும் இழந்து, அவற்றை மீளப் பெறுவதற்காக ஆண்டுக்கணக்கில் பிரதேச செயலகங்களுக்கு அலைந்த தமிழ், முஸ்லிம் குடும்பங்கள் ஏராளம். அப்போது பல இடங்களில் மூலப் பதிவேடு எஞ்சியிருந்ததே அவர்களுக்குக் கைகொடுத்தது. தனிநபர் டிஜிட்டல் அடையாளத் திட்டம் வரை அனைத்தையும் கணினியில் ஏற்ற முனையும் அரசாங்கம், அந்த மூலப் பதிவேட்டின் இடத்தில் எதை வைக்கப் போகிறது?

புதிய இயந்திரங்களின் திறப்பு விழாக்களுக்குக் குறைவிருக்காது. ஒவ்வொரு மாற்றத்தின்போதும் திரும்பி வரும் வழி பரிசோதிக்கப்பட்டதா என்பதைப் பொதுமக்களுக்கு அறிவிக்கும் கடப்பாட்டையும் சம்பந்தப்பட்டோர் ஏற்க வேண்டும். மக்களின் நம்பிக்கையைப் பெறுவதற்கு அதுவே முதற்படியாகும்.